தோட்டத்து ஊரில் தன்மதிப்பை வளர்த்துக்கொள்வது எப்படி?

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் புதியவர் ஒருவர் வந்து உட்கார்ந்தால், சாம்பார் ஊற்றி முடிவதற்குள் அவரிடம் சில கேள்விகள் கேட்கப்பட்டுவிடும். எந்தத் தோட்டம், என்ன வேலை, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், சொந்த வீடா வாடகையா என்று அவை வரிசையாக வரும். கேட்பவர்கள் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. சுற்றிவளைத்து ஏதாவது உறவு வருகிறதா என்று பார்ப்பதற்காகவே பெரும்பாலும் கேட்கிறார்கள். ஆனால் பதில் சொல்பவர் தம்முடைய குரல் எந்தக் கேள்விக்குத் தாழ்ந்து போகிறது என்பதைச் சற்றுக் கவனித்தால், தம் மதிப்பை எதில் கொண்டுபோய்க் கட்டி வைத்திருக்கிறார் என்பது அவருக்கே விளங்கிவிடும். அந்தக் கட்டை அவிழ்ப்பதற்குச் செய்ய வேண்டிய காரியங்களையே இங்கே எழுதுகிறேன்.

மதிக்கத் தக்கவர் என்பதும் திறமை உள்ளவர் என்பதும்

ஒரு வேலையை என்னால் செய்ய முடியும் என்று நம்புவது வேறு; நான் மதிக்கத் தக்க மனிதன் என்று உணர்வது வேறு. முதலாவது நம் கைக்கும் வேலைக்கும் உள்ள கணக்கு. இரண்டாவது நாம் நம்மைப் பற்றி எழுதி வைத்திருக்கும் தீர்ப்பு. இரண்டும் சேர்ந்தே இருக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படி இருக்க வேண்டியதில்லை. செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநர், மழையில் சேறாகிக் கிடக்கும் தோட்டச் சாலையின் வளைவில் பாரவண்டியைத் தயக்கமே இல்லாமல் திருப்புவார். அவரே வங்கியில் தம்முடைய எண் அழைக்கப்பட்டதும் தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு, கூட வந்த மகளை, "நீ பேசும்மா" என்று முன்னால் தள்ளிவிடுவார். அவருக்குத் திறமையில் எந்தக் குறையும் இல்லை. அந்த முகப்பின் எதிரில் நின்று பேசத் தகுதி உள்ளவர்களின் கூட்டத்தில் தம்மை அவர் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதுதான் அங்கே நடப்பது.

அமெரிக்கச் சமூகவியலாளர் மோரிஸ் ரோசன்பெர்க் 1965-இல் உருவாக்கிய 10 வாக்கியங்கள் கொண்ட அளவுகோல்தான் இன்றுவரை உலகெங்கும் தன்மதிப்பை அளக்க மிகுதியாகப் பயன்படுகிறது. அதில் ஒரு வாக்கியம், குறைந்தபட்சம் மற்றவர்களுக்குச் சமமான மதிப்புடையவராக ஒருவர் தம்மை உணர்கிறாரா என்று கேட்கிறது. மற்றவர்களைவிட மேலானவரா என்று அது கேட்கவில்லை. இதை நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டும். ஏனெனில், பிள்ளைக்குத் தன்மதிப்பு வளர்ந்தால் திமிர் வந்துவிடும், பெரியவர்களுக்கு அடங்க மாட்டான் என்ற அச்சம் நம்மிடையே பலருக்கு இருக்கிறது. நெதர்லாந்தில் எட்டி புருமெல்மனும் அவருடைய குழுவினரும் பிள்ளைகளைச் சில காலம் தொடர்ந்து கவனித்து 2015-இல் வெளியிட்ட ஆய்வு இந்த அச்சத்துக்கு நேரடியான பதிலைத் தருகிறது. மற்றப் பிள்ளைகளைவிடத் தம் பிள்ளை உயர்ந்தது என்று பெற்றோர் கருதிய வீடுகளில் தற்பெருமை வளர்ந்தது. பெற்றோர் பாசத்தைக் காட்டிய வீடுகளில் தன்மதிப்பு வளர்ந்தது. இரண்டும் தனித்தனி விதைகள். சமம் என்று உணர்பவருக்கு அடுத்தவரை மட்டம் தட்ட வேண்டிய தேவையே எழுவதில்லை.

இதனால் எல்லாம் கைகூடிவிடும் என்றும் எண்ண வேண்டாம். ராய் பௌமைஸ்டரும் அவருடைய சகாக்களும் 2003-இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, தன்மதிப்பை உயர்த்துவதால் மட்டும் பிள்ளைகளின் தேர்வுப் புள்ளிகள் உயர்வதில்லை என்றே தெரியவந்தது. ஊக்கமூட்டும் பேச்சாளரை அழைத்து மண்டபத்தில் கைதட்ட வைத்தால், ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிவு மாறும் என்று நம்பிச் செலவு செய்யும் அமைப்புகள் அந்தப் பணத்தை மாலை வகுப்புக்குக் கொடுப்பது மேல் என்பது என் எண்ணம்.

இந்தத் தாழ்வு உங்களிடமிருந்து தொடங்கியதன்று

நம்மைப் போன்ற ஊர்களில் இந்த வேலையைத் தனிமனிதனின் மனத்திலிருந்து மட்டும் தொடங்கினால் பாதிதான் முடியும். பழைய ரப்பர்த் தோட்டத்தின் அமைப்பே யார் யாருக்கு எவ்வளவு மதிப்பு என்பதைத் தரையில் வரைந்து காட்டியது. மேட்டில் தோட்ட நிர்வாகியான துரையின் பங்களாவும், அதற்குக் கீழே எழுத்தர்களான கிராணிமார் வீடுகளும், எல்லாவற்றுக்கும் கீழே தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களும் இருந்தன. விடியுமுன் பெரட்டு என்னும் வருகைப் பதிவுக்கு வந்து வரிசையில் நின்றவர்களின் பெயரைக் கூப்பிடும் தொனியே அவர்களுடைய இடத்தைச் சொல்லிவிட்டது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் முதலியோரின் முயற்சியால் எழுந்த வேலைநிறுத்தத்தில், சம்பள உயர்வு, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடை மூடல் ஆகியவற்றோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது. சைக்கிளில் போகும் தொழிலாளி எதிரே துரையோ கிராணியோ வந்தால் இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அது. போலீசையும் படையையும் கொண்டு போராட்டம் அடக்கப்பட்டது. நாதன் நாடு கடத்தப்பட்டார். ஆனால் கூலி உயர்வுக்குச் சமமாகச் சைக்கிளில் அமர்ந்தபடியே கடந்து போகும் உரிமையையும் கேட்ட அந்தத் தொழிலாளர்களுக்குத் தன்மதிப்பு என்றால் என்னவென்று யாரும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை.

அந்த வழக்கம் போய்விட்டது. இறங்கி நிற்கும் பழக்கம் உடம்பில் சிலருக்கு இன்னும் மிச்சமிருக்கிறது. தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கும், அப்பாவிடமிருந்து பிள்ளைக்கும், "நமக்கெல்லாம் எதுக்கு அது" என்ற ஒரு வாக்கியமாக அது கைமாறி வந்திருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை கையை உயர்த்திக் கேள்வி கேட்ட பெண், இடைநிலைப்பள்ளிப் புகுமுக வகுப்பில் மலாய் உச்சரிப்புக்காக ஒருமுறை சிரிக்கப்பட்டபின் ஐந்தாம் படிவம்வரை வாயே திறக்காமல் இருந்துவிடுவதை ஆலோசக ஆசிரியராக இருந்த காலத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன். மார்க் லீரி என்ற உளவியலாளர் 1990-களில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். தன்மதிப்பு உணர்வு என்பது, மற்றவர்கள் நம்மைச் சேர்த்துக்கொள்கிறார்களா ஒதுக்குகிறார்களா என்பதைக் காட்டும் ஒரு முள். மோட்டாரில் பெட்ரோல் அளவைக் காட்டும் முள்ளைப் போன்றது. முள் கீழே கிடப்பதால் வண்டி மட்டமானது என்று யாரும் சொல்வதில்லை. அதோடு, பலமுறை ஒதுக்கப்பட்டவரிடம் அந்த முள், தொட்டி நிறைந்திருக்கும்போதும் கீழேயே சிக்கிக்கொண்டுவிடுவது உண்டு.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது, எது உங்களுடைய குறை, எது உங்கள்மேல் ஏற்றப்பட்ட தாழ்வு என்று பிரித்துப் பார்ப்பது. சம்பளம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 ரிங்கிட்டிலிருந்து 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தபோது, அந்தச் சம்பளம் வாங்கியவர்களில் எவரும் ஜனவரி 31-ஆம் தேதி இரவில் 200 ரிங்கிட் அளவுக்கு மேலான மனிதராக மாறிவிடவில்லை. அரசாணை மாறியது, வேலையின் விலை மாறியது. அவ்வளவுதான்.

எந்தக் கொம்பில் கட்டியிருக்கிறீர்கள்?

இதற்கு ஒரு பள்ளிப் பயிற்சிப் புத்தகம் போதும். கைப்பேசியில் எழுதுவதைவிடக் கையால் எழுதுவது நல்லது, எழுதும் வேகம் குறைவதால் சிந்திக்க இடம் கிடைக்கிறது. இரண்டு வாரத்துக்கு, மனம் திடீரெனச் சுருங்கிய ஒவ்வொரு நேரத்தையும் ஒரு வரியில் குறித்துவையுங்கள். என்ன நடந்தது, அப்போது உங்களைப் பற்றி மனத்தில் ஓடிய வாக்கியம் எது என்ற இரண்டை மட்டும் எழுதினால் போதும். "சித்தி மகனுக்கு மெட்ரிகுலேஷன் (பல்கலைக்கழகப் புகுமுகப் படிப்பு) கிடைத்ததாக வாட்ஸ்அப்பில் படம் வந்தது. என் மகனை நான் சரியாக வளர்க்கவில்லை" என்பது ஒரு குறிப்பு. "மேற்பார்வையாளர் எல்லார் முன்னாலும் கத்தினார். நான் எதுக்கும் லாயக்கில்லாதவள்" என்பது இன்னொன்று.

இரண்டு வாரம் கழித்து எல்லாவற்றையும் சேர்த்துப் படியுங்கள். ஜெனிஃபர் கிராக்கரும் கோனி வுல்ஃபும் 2001-இல், மனிதர்கள் தம் மதிப்பைச் சார்த்தி வைக்கும் ஏழு இடங்களைப் பட்டியலிட்டார்கள்: மற்றவர்களின் ஒப்புதல், தோற்றம், போட்டியில் முந்துவது, படிப்பு, குடும்பத்தின் ஆதரவு, நன்னடத்தை, இறைவனின் அன்பு. உங்கள் குறிப்புகளில் பெரும்பாலானவை இவற்றில் ஒன்றிரண்டில்தான் வந்து குவியும். நம் ஊரில் பெண்களின் குறிப்புகளில் தோற்றம் என்பது நிறத்தைப் பற்றியதாகவே இருக்கும். பிறந்த குழந்தையைப் பார்க்க வருகிறவர்களே, "அப்பா நிறம் வரலையே" என்று தொட்டிலருகில் நின்று சொல்லிவிட்டுப் போவதிலிருந்து அது தொடங்கிவிடுகிறது. ஆண்களின் குறிப்புகளில் வருமானமும் வண்டியும் வரும். படிக்கும் பிள்ளைகளுக்குத் தேர்வு முடிவு.

முதல் நான்கைந்து இடங்களுக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு. அவற்றின் சாவி நம் கையில் இல்லை. அடுத்த வீட்டுக்காரர் புதிதாக ஒரு கார் வாங்கினாலே நம் மதிப்பு அன்று மாலை சரிந்துவிடக்கூடும். வில்லியம் ஜேம்ஸ் 1890-லேயே இதை ஒரு வகுத்தல் கணக்காக எழுதிக் காட்டினார்: ஒருவர் அடைந்ததை, அவர் அடைய வேண்டும் என்று எண்ணியதால் வகுத்தால் வருவதே அவருடைய தன்மதிப்பு. மேலே உள்ள எண்ணைக் கூட்டுவதற்கே வாழ்நாள் முழுதும் ஓடுகிறோம். கீழே உள்ள எண்ணை அங்கே எழுதியவர் யார் என்று கேட்பதே இல்லை. ஆகவே ஒவ்வொரு குறிப்புக்கும் எதிரில், இந்த எதிர்பார்ப்பு என்னுடையதா, எனக்குக் கொடுக்கப்பட்டதா என்று ஒரு சொல்லில் எழுதுங்கள். கொடுக்கப்பட்டது என்று தெரிந்தபின்னும் அதை வைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் இனி அதைத் தெரிந்தே வைத்துக்கொள்கிறீர்கள்.

உள்ளிருந்து ஏசும் குரலுக்குப் பதில் எழுதுதல்

நான் அதிகம் வலியுறுத்துவது இந்தப் பகுதியைத்தான். மனத்தில் ஓடும் எண்ணங்களைச் சோதித்துத் திருத்தும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் பல்லாண்டுகளாகப் பயன்பட்டுவரும் முறை இது. ஏரன் பெக் 1960-களில் தொடங்கிவைத்த வழி. கடினமாகத் தோன்றினாலும் ஒரு தாளும் பேனாவும் உள்ள எவரும் செய்யலாம்.

மேற்பார்வையாளர் கத்தியதாக மேலே எழுதிய பெண்ணின் குறிப்பையே எடுத்துக்கொள்வோம்; அவர் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். தாளை நெடுக்காக மூன்றாகப் பிரித்து, முதல் பத்தியில் மனத்தில் ஓடிய வாக்கியத்தை அது வந்த சொற்களிலேயே எழுத வேண்டும்: "நான் எதுக்கும் லாயக்கில்லாதவள்." நடுப் பத்தியில், இதை ஒரு நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டுமானால் இரு பக்கமும் எதைக் காட்டலாம் என்று எழுத வேண்டும். குற்றம் சாட்டும் பக்கம்: இன்று ஒரு பெட்டியில் தப்பான லேபல் ஒட்டிவிட்டேன், போன மாதமும் ஒருமுறை இப்படி நடந்தது. மறுபக்கம்: ஆறு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், புதிதாக வருகிறவர்களைப் பழக்க என்னிடம்தான் அனுப்புகிறார்கள், அந்த மேற்பார்வையாளர் அன்று காலையிலிருந்தே எல்லாரிடமும் கத்திக்கொண்டிருந்தார், அம்மாவின் மருந்து, தம்பியின் பள்ளிக்கட்டணம் இரண்டையும் நான்தான் பார்க்கிறேன். மூன்றாம் பத்தியில் இரண்டையும் கணக்கில் எடுத்துக்கொண்ட ஒரு வாக்கியத்தை எழுத வேண்டும்: "இன்று லேபலில் தவறு செய்தேன், அதைத் திருத்திவிட்டேன், எல்லார் முன்னாலும் அப்படிக் கத்தியிருக்க வேண்டியதில்லை."

மூன்றாம் பத்தி வாக்கியம் எவ்வளவு சாதாரணமாக இருக்கிறது என்று பாருங்கள். அதில் புகழ்ச்சி ஒரு துளியும் இல்லை, இருக்கவும் கூடாது. "நான் அற்புதமானவள், நான் வெற்றிக்காகவே பிறந்தவள்" என்று காலையில் கண்ணாடி முன் நின்று சொல்லச் சொல்லும் காணொளிகள் ஏராளமாக உலவுகின்றன. கனடாவின் ஜோன் வுட்டும் சகாக்களும் 2009-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். தாம் அன்புக்குரியவர் என்ற வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னவர்களில், ஏற்கெனவே தன்மதிப்பு குறைந்திருந்தவர்களுக்கு அதனால் மனநிலை இன்னும் கீழே போனது. ஏற்கெனவே நல்ல தன்மதிப்பு உள்ளவர்களுக்கு மட்டுமே சிறிது பயன் கிடைத்தது. மனம் நம்பாத ஒன்றை அதனிடம் உரக்கச் சொன்னால், அது எதிர்வாதத்தை உள்ளுக்குள் அதைவிட உரக்கச் சொல்கிறது. எனவே மூன்றாம் பத்தியில் எழுதியதை வாய்விட்டுப் படிக்கும்போது உள்ளே எதிர்ப்பு எழுந்தால், அதை இன்னும் அடக்கமாகத் திருத்தி எழுதுங்கள்.

நடுப் பத்தியில் எழுத ஒன்றுமே தோன்றவில்லை என்று சிலர் சொல்வார்கள். அப்படிப்பட்டவர்கள், இதே தவறை உடன் வேலை செய்யும் தோழி செய்துவிட்டு அழுதுகொண்டு வந்தால் அவளிடம் என்ன சொல்வீர்கள் என்பதை எழுதினால் போதும். கிறிஸ்டின் நெஃப் 2003-இல் தற்பரிவு என்பதை மூன்று கூறுகளாக விளக்கினார்: தன்னிடம் கனிவோடு இருத்தல், இத்தகைய துன்பம் எல்லா மனிதருக்கும் உள்ளதே என்று உணர்தல், வலியைப் பெரிதாக்காமலும் மறைக்காமலும் உள்ளபடி பார்த்தல். அடுத்தவர் விஷயத்தில் இந்த மூன்றையும் நாம் யாரும் சொல்லாமலே செய்கிறோம். சாவு வீட்டிலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் நம் பெண்கள் ஒருவருக்கொருவர் பேசும் மொழியைக் கேட்டவர்களுக்கு அது தெரியும். அந்த மொழியில் தம்மிடமே பேசுவதுதான் அவர்களுக்கு வெட்கமாக இருக்கிறது.

பிள்ளைகளிடம் பேசும்போது

உள்ளிருந்து ஏசும் அந்தக் குரல் பெரும்பாலும் யாரோ பெரியவர் ஒருவரின் குரலாகவே இருக்கும். நம் வீடுகளில் அதிகம் கேட்கும் வசனம் ஒன்று உண்டு: "படிக்கலன்னா என்னைப் போலக் காட்டு வேலைக்குத்தான் போவ." அன்போடும் கவலையோடும் சொல்லப்படுவதுதான். ஆனால் அந்த ஒரே வாக்கியத்தில் பிள்ளைக்கு இரண்டு பாடங்கள் போய்ச் சேர்கின்றன. புள்ளி குறைந்தால் உனக்கு மதிப்பில்லை என்பது ஒன்று. உன்னை இதுவரை சோறு போட்டு வளர்த்த இந்தக் கைகளுக்கும் மதிப்பில்லை என்பது மற்றொன்று. "இந்த வேலை ரொம்பக் கஷ்டம்பா, முதுகு போயிடும், சம்பளமும் பத்தாது, நீ வேற வேலைக்குப் போகணும்" என்று வேலையின் குறையை வேலையின் குறையாகவே சொன்னால், அதே எச்சரிக்கை எவரையும் தாழ்த்தாமல் போய்ச் சேரும்.

பாராட்டிலும் கவனம் வேண்டும். கிளாடியா முல்லரும் கேரல் டிவெக்கும் 1998-இல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடத்திய சோதனைகளில், கெட்டிக்காரன் என்று புகழப்பட்டவர்கள் அடுத்த கடினமான பயிற்சியில் தோற்றதும் ஊக்கம் இழந்தார்கள். நன்றாக முயன்றாய் என்று பாராட்டப்பட்டவர்கள் தொடர்ந்து முயன்றார்கள். அளவுக்கு மீறிய புகழ்ச்சி, தன்மதிப்பு குறைந்த பிள்ளைகளைக் கடினமான பணிகளிலிருந்து ஒதுங்கச் செய்கிறது என்பதை முன்பு குறிப்பிட்ட புருமெல்மன் 2014-இல் காட்டினார். எனவே உங்கள் மகன் வரைந்த படத்தைப் பார்த்து, "ஆகா, உன்னைப் போல யாரும் வரைய முடியாது" என்பதைவிட, "வானத்துக்கு மூணு நிறம் கலந்திருக்க போல, எப்படிச் செஞ்ச?" என்று கேட்பது அவனுக்கு அதிகம் கொடுக்கும்.

செய்துதான் வளரும்

எழுதுவதோடு நிறுத்திவிட்டால், மனத்துக்குப் புதிய சான்று எதுவும் கிடைக்காது. ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் தன்திறன் நம்பிக்கைக்கு நான்கு ஊற்றுகளைக் குறிப்பிட்டார்: தாமே செய்து முடித்த அனுபவம், தம்மைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் தரும் ஊக்கம், உடம்பின் நிலை. இவற்றில் முதலாவதே மிக வலிமையானது. திறமையும் மதிப்பும் வேறு என்று தொடக்கத்தில் சொன்னேன். அது உண்மைதான், ஆனாலும் தவிர்த்துத் தவிர்த்து ஒதுங்கிய இடங்களுக்குத் திரும்பப் போய் நிற்பதுபோல மதிப்பை மீட்கும் வழி வேறில்லை.

வங்கி முகப்பில் பேசத் தயங்கும் அந்த லாரி ஓட்டுநர் அதை இப்படிப் படிப்படியாகச் செய்யலாம். முதல் வாரம், மகள் பேசும்போது பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வேண்டும். பின்னால் நிற்கக் கூடாது. அடுத்த முறை, வணக்கமும் வந்த காரியமும் மட்டும் அவர் சொல்ல வேண்டும். மற்றதை மகள் சொல்லட்டும். அதற்கடுத்து, கூட்டம் குறைந்த நேரத்தில் தனியாகப் போய் ஒரு சிறு விசாரணை மட்டும் செய்ய வேண்டும். சொல்ல வேண்டிய மலாய் வாக்கியத்தை முதல்நாள் இரவே ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஒரு படியில் வியர்த்துக்கொட்டினால், அது குறைந்து சாதாரணமாகும்வரை அதே படியில் இருப்பதுதான் முறை. ஓடிவிட்டால் அச்சம் வென்றதாக உடம்பு குறித்துக்கொள்ளும்.

தமக்குத் தாமே கொடுத்த சிறு வாக்கைக் காப்பாற்றுவதும் இதில் சேரும். பெரிய சபதங்கள் வேண்டாம். வேலை முடிந்து வந்து இருபது நிமிடம் நடப்பேன் என்றால் நடக்க வேண்டும், அவ்வளவே. அடுத்தவருக்குக் கொடுத்த வாக்கை மட்டும் உயிராகக் காத்து, தனக்குக் கொடுத்ததைத் தினமும் மீறுகிறவர், தாம் எண்ணிக்கையில் சேராத ஆள் என்று தமக்கே நாள்தோறும் சொல்லிக்கொள்கிறார்.

மறுத்துப் பேசுதல்

தன்மதிப்பு உண்மையில் சோதிக்கப்படும் இடம் இதுதான். நம் ஊரில் அது பெரும்பாலும் ஜாமீன் கையெழுத்தாக வந்து நிற்கும். தூரத்து மாமா ஒருவர் பழங்களோடு வருவார், நலம் விசாரிப்பார், கடைசியில் மகனுடைய மோட்டார்க் கடனுக்கு ஒரு கையெழுத்து என்பார். கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் கையெழுத்திட்டவரின் தலையில்தான் அது விடியும் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் போடுகிறார்கள்; மறுத்தால் தம்மைக் கெட்டவர் என்று நினைத்துவிடுவார்களே என்ற ஒரே காரணத்துக்காக.

இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "மாமா, நான் யாருக்கும் ஜாமீன் கையெழுத்துப் போடுறதில்ல. தம்பிக்கு வேற வகையில ஒதவணும்னா சொல்லுங்க, முடிஞ்சதைச் செய்யறேன்." இதில் மாமா என்ற மரியாதை இருக்கிறது, மறுப்பும் தெளிவாக இருக்கிறது, காரணம் மட்டும் இல்லை. வேண்டுமென்றே அதை விட்டிருக்கிறேன். சம்பளம் போதவில்லை என்று ஒரு காரணம் சொன்னால், அதற்கு அவர் ஒரு தீர்வு கொண்டுவருவார், பேச்சு நீளும், கடைசியில் பேனா உங்கள் கையில் இருக்கும். அவர் மீண்டும் கேட்டால் அதே வாக்கியத்தை அதே குரலில் திரும்பச் சொல்ல வேண்டும். அன்று இரவு குற்ற உணர்வு வரும். அது தவறு செய்ததற்கு அடையாளம் இல்லை. பழக்கமில்லாத ஒன்றைச் செய்ததற்கு அடையாளம். சில நாளில் தணிந்துவிடும்.

நிறத்தைப் பற்றியோ வேலையைப் பற்றியோ எவராவது இழிவாகச் சொன்னால், நீண்ட பதில் தேவையில்லை. "அப்படிச் சொல்லாதீங்க அக்கா, எனக்குப் பிடிக்கல" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினால் போதும். சிரித்து மழுப்புவதைத்தான் விட வேண்டும், சிரிப்பு சம்மதமாக எடுத்துக்கொள்ளப்படும்.

தனியாகச் செய்ய வேண்டியதில்லை

1950-களின் இறுதியிலும் 1960-களிலும் பெரிய தோட்டங்கள் துண்டு போடப்பட்டு விற்கப்பட்டபோது, வேலையோடு வீட்டையும் இழக்கும் நிலைக்குத் தொழிலாளர்கள் வந்தார்கள். அப்போது இந்த ஊரின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளர்களைப் பங்குதாரர்களாகச் சேர்த்தார். கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் அதன் முதல் கொள்முதல். ரப்பர் மரத்தில் பால் வெட்டிய கை தவணையாகக் கட்டிய பணத்தில் தோட்டத்துக்குச் சொந்தக்காரர் ஆனது, எந்த அறிவுரையாலும் தர முடியாத ஒன்றைத் தந்திருக்கும். இன்று அவ்வளவு பெரிதாக வேண்டியதில்லை. கோயில் திருவிழாவில் அன்னதானக் கணக்கை எழுதுவது, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் ஒரு பொறுப்பை ஏற்பது, தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) பிள்ளைகளுக்குப் பந்து பழக்குவது என ஏதேனும் ஒன்றில், நீங்கள் வராவிட்டால் யாராவது கேட்பார்கள் என்ற இடம் ஒன்று உங்களுக்கு இருக்கட்டும். பார்வையாளராக உட்காருவதும் நன்கொடை ரசீது வாங்குவதும் இதில் சேராது.

எப்போது உதவி தேட வேண்டும்

தன்மதிப்புக் குறைவும் மனச்சோர்வு நோயும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். இரண்டு வாரத்துக்கு மேலாகப் பெரும்பாலான நாள்களில் மனம் இருண்டே இருந்தால், பிடித்தவை எவையும் பிடிக்காமல் போனால், தூக்கமும் பசியும் மாறினால், நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நல்லது என்ற எண்ணம் வந்தால், இந்தப் பயிற்சிப் புத்தகத்தை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட். தேவைப்பட்டால் அங்கிருந்தே மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்புவார்கள். சுகாதார அமைச்சின் ஹீல் (HEAL) என்ற மனநல உதவி எண் 15555. மனக்கஷ்டத்தில் இருப்பவர்களின் பேச்சைக் கேட்கும் பெஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-76272929 என்ற எண்ணில் இரவிலும் அழைக்கலாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. போலீசுக்குப் பயந்து எவரும் இனி வாய்மூடி இருக்க வேண்டியதில்லை.

கிளினிக்குக்குப் போகிறவர்கள் பலர் மருத்துவரிடம் தலைவலி, தூக்கமில்லை என்று மட்டும் சொல்லி மாத்திரை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். மனத்தில் உள்ளதைத் தமிழ் தெரியாத மருத்துவரிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால், "சாயா ராசா தெர்த்தேக்கான், சூடா லாமா" என்ற ஒரு வரி தொடங்குவதற்குப் போதும். மிகுந்த மன அழுத்தத்தில் இருக்கிறேன், நீண்ட நாளாக, என்று அவருக்கு விளங்கிவிடும், மீதியை அவரே கேட்பார். இரண்டு வாரக் குறிப்புகள் எழுதிய புத்தகத்தையும் எடுத்துச் செல்லுங்கள். எந்த நாளில் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் தூங்கினீர்கள் என்ற விவரங்கள் அதில் இருந்தால், மருத்துவரின் வேலை பாதி குறையும்.